அடுப்பில் பூத்த ஆம்பி

புறநானூற்றின் 164ஆம் பாடலை வகுப்பில் நடத்திக்கொண்டிருந்தபோது மாணவி ஒருவர் எழுந்து ஒரு கேள்வி கேட்டார். “வீட்டில் அவ்வளவு பசி என்கிறார் புலவர். அடுப்பில் காளான் முளைத்திருக்கிறது என்றும் அவரே சொல்கிறார். அதைப் பறித்துச் சமைத்திருக்கலாமே ஐயா?” வகுப்பு சிரித்தது. நாமும் சிரித்தோம். வறுமையின் கொடுமையைக் காட்டப் புலவர் கையாண்ட உத்தி அது என்று விடை சொல்லிவிட்டு அடுத்த பாடலுக்குப் போனோம். ஆனால் அந்த விடை நமக்கே நிறைவு தரவில்லை. பல ஆண்டுகள் நடத்திய பாடலில் இக்கேள்வி நமக்கு ஏன் தோன்றவில்லை என்ற கூச்சமும் சேர்ந்துகொண்டது. அந்தக் கூச்சத்தில் தேடியவற்றின் தொகுப்பே இக்கட்டுரை.

முதலில் பாடலின் சூழல். முதிர மலைக்குத் தலைவனான குமணனிடமிருந்து அவன் தம்பி இளங்குமணன் நாட்டைக் கவர்ந்துகொள்ள, குமணன் காட்டில் மறைந்து வாழ்கிறான். அங்கே அவனைத் தேடிச் செல்கிறார் பெருந்தலைச் சாத்தனார். சமைப்பதையே மறந்துபோன தம் வீட்டு அடுப்பில் ஆம்பி பூத்திருப்பதையும், பாலற்ற மார்பைச் சுவைத்து அழும் குழந்தையையும், அதைப் பார்த்துக் கண்கலங்கும் மனைவியையும் அவனிடம் சொல்கிறார். ஆம்பி என்பது காளானுக்கான பழந்தமிழ்ப் பெயர். கொடுக்க ஏதுமற்ற குமணன் தன் தலையைக் கொய்துபோகத் தன் வாளையே நீட்டினான் என்பது அடுத்த பாடலின் செய்தி.

முதிர மலை என்பது பழனிக்கும் உடுமலைப்பேட்டைக்கும் அருகிலுள்ள குதிரைமலை என்று கொள்வது ஆய்வாளர் பலரின் வழக்கம். பெருந்தலைச் சாத்தனாரைக் கோபிசெட்டிபாளையத்தை அடுத்த பெருந்தலையூரினர் என்று கருதுவோரும் உண்டு. இவற்றை ஏற்றால், பாடியவர், பாடப்பட்டவன், அடுப்பு, ஆம்பி ஆகிய நான்கும் கொங்கு மண்ணுக்கு உரியவை. நாட்டில் இருக்கவேண்டிய தலைவன் காட்டில் இருக்கிறான். காட்டில் இருக்கவேண்டிய ஆம்பி வீட்டுக்குள் வந்துவிட்டது. இரண்டும் இடம் மாறிய நிலையில்தான் பாடல் பிறக்கிறது.

காளான் என்று நாம் காண்பது பூஞ்சையின் கனி மட்டுமே. அதன் உடல் நூலிழைகளாக மண்ணுக்குள்ளோ மரத்துக்குள்ளோ பரவிக் கிடக்கும். ஈரமும், மட்கும் பொருளும், சில நாள் அமைதியும் கிடைத்தால்தான் அது கனியை வெளியே அனுப்பும். நாள்தோறும் நெருப்பு எரியும் அடுப்பில் இம்மூன்றில் ஒன்றுகூட அமையாது. எனவே அடுப்பில் ஆம்பி பூத்தது என்பது வெறும் மிகைக்கூற்று அன்று. நெருப்பு அணைந்து எவ்வளவு காலம் ஆயிற்று என்பதற்கு அதைவிடத் துல்லியமான கணக்கு வேறில்லை.

ஆனால் மாணவியின் கேள்வி அப்படியேதான் நிற்கிறது. காலக்கணக்காகவே இருக்கட்டும், அதை ஏன் உண்ணவில்லை? இதற்கு விடை தேட, இப்பாடலை விட்டுச் சற்றே அக்கம்பக்கம் பார்க்கவேண்டியிருந்தது.

அதே குமணனைப் பெருஞ்சித்திரனார் பாடிய 159ஆம் பாடலில் இன்னொரு பசித்த வீடு வருகிறது. அங்கே புலவரின் மனைவி குப்பைமேட்டில் முளைத்த கீரையைத் தேடிப் போகிறாள். முன்பு கொய்த இடத்திலேயே மீண்டும் துளிர்த்த முற்றாத தளிரைக் கிள்ளி வருகிறாள். உப்பில்லை, மோரில்லை. வெறும் நீரில் வேகவைத்து உண்கிறார்கள்.

மூன்றாவது வீடு சிறுபாணாற்றுப்படையில் உள்ளது. இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார் காட்டும் அந்த அடுக்களையில் அண்மையில் ஈன்ற நாய் படுத்திருக்கிறது. கண் திறவாத குட்டிகள் பாலுக்கு முட்டும்போது வலி தாங்காமல் குரைக்கிறது. கூரை சரிந்திருக்கிறது. பழஞ்சுவரைக் கறையான் அரித்துப் புழுதியாக்க, அப்புழுதியில் உள்துளை உடைய காளான் பூத்திருக்கிறது. அந்த வீட்டுப் பெண் குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி, உப்பின்றி வேகவைத்து, வம்பு பேசுவோர் பார்த்துவிடக் கூடாதென்று கதவை அடைத்துவிட்டுச் சுற்றத்தோடு பகிர்ந்து உண்கிறாள்.

மூன்று வீடுகளையும் ஒருசேர வைத்துப் பார்க்கும்போது ஒன்று புலப்படுகிறது. இந்தப் பெண்கள் செயலற்று உட்கார்ந்திருந்தவர்கள் அல்லர். விதைக்காமல் விளைந்ததைத் தேடி உண்ணத் தெரிந்தவர்கள். குப்பைமேடுவரை போய், எது கீரை, எது களை என்று பிரித்தறிந்து கிள்ளி வந்தவர்கள். அவர்களுள் ஒருத்தியின் அடுக்களைக்குள்ளேயே, கையெட்டும் தூரத்தில், காளான் பூத்திருக்கிறது. அவள் அதைத் தொடவில்லை. குப்பைக்குப் போகிறாள்.

பாடல் சொல்லாததை வைத்துப் பெரிய முடிவு கட்டக்கூடாது என்பதை நாம் அறிவோம். கவிதையில் காளான் ஓர் அடையாளமாக மட்டுமே வந்திருக்கலாம். ஆயினும் கீரையை அவ்வளவு நுட்பமாகக் கவனித்த புலவர்களின் கண், காளானை உணவாகக் காணாமல் விட்டது தற்செயல் என்று நமக்குத் தோன்றவில்லை. அது உண்ணத்தகாத காளான். அதை அந்தப் பெண் அறிவாள். பாட்டைக் கேட்டவர்களும் அறிவார்கள். அதனால்தான் விளக்கம் தேவைப்படவில்லை.

இது சமய விலக்காக இருக்குமோ என்ற ஐயம் எழலாம். மனுநூலின் ஐந்தாம் அத்தியாயம் பூண்டு, வெங்காயத்தோடு காளானையும் இருபிறப்பாளர் உண்ணலாகாது என்று விலக்குகிறது. ஆனால் பாணர் குடியின் அடுக்களைக்கு அந்த விதியைக் கொண்டுவருவது பொருந்தாது. ஊனையும் கள்ளையும் மகிழ்ந்து பாடியவர்கள் அவர்கள். மேலும், ஆம்பி என்றாலே அருவருப்பு என்ற எண்ணம் சங்கப் பாடல்களில் இல்லை. பெரும்பாணாற்றுப்படையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார், ஆய்ச்சி விடியலில் எழுந்து கடையும் இனிய தயிரின் உறைந்த திரளுக்கு ஆம்பியின் வெண்ணிற மொட்டையே உவமை சொல்கிறார். உண்ணும் பொருளுக்கு, அதுவும் தயிருக்கு, நாவில் நீரூறச் சொல்லப்பட்ட உவமை அது.

ஆக, சொல் ஒன்றுதான். முல்லை நிலத்து ஆம்பி தயிரை நினைவூட்டுகிறது. அடுப்பில் பூத்த ஆம்பி பசியை நினைவூட்டுகிறது. இரண்டையும் பிரிப்பது நிறமோ சுவையோ அல்ல, இடம். எங்கே முளைத்தது என்பதே அது என்ன என்பதற்கு விடையாக இருந்திருக்கிறது.

இப்படி இடத்தை வைத்து அறியும் முறை இன்றும் கொங்குச் சிற்றூர்களில் அற்றுப்போய்விடவில்லை. இடி இடித்து மழை பெய்த மறுநாள் காலையில் புற்றுக்காளான் தேடிப் போகும் பெரியவர்கள் காளானைத் தேடுவதில்லை. புற்று இருக்கும் இடத்தைத் தேடுகிறார்கள். போன ஆண்டு எந்த வரப்போரம், எந்த வேலங்காட்டோரம் கிடைத்தது என்பது அவர்கள் நினைவில் இருக்கிறது. சாணத்தில் முளைத்ததைத் தொடாதே, பட்ட மரத்தில் முளைத்ததைத் தொடாதே என்று குழந்தைகளுக்குச் சொல்வதும் இடத்தைக் காட்டித்தான். ஆனைமலையிலும் கோவையின் மேற்கு மலைகளிலும் வாழும் மலசர், காடர், இருளர் போன்ற பழங்குடியினருக்குக் காட்டின் இடமறிவு இன்னும் ஆழமானது.

இந்த அறிவுக்கு உயிரியல் அடிப்படை உண்டு. கறையான் தான் தின்ற இலை தழைகளைப் புற்றுக்குள் கொண்டுபோய்க் கூடுபோல் அடுக்கி, அதில் ஒருவகைப் பூஞ்சையை வளர்க்கிறது. மரத்தின் கடினப் பொருளைச் செரிக்கப் பூஞ்சை உதவுகிறது. பூஞ்சைக்கு இடமும் ஈரமும் கறையான் தருகிறது. மழைக்காலத்தில் அந்தப் பூஞ்சை நீண்ட வேர்போன்ற காம்பைப் புற்றுக்குள்ளிருந்து மேலே அனுப்பி மண்ணுக்கு வெளியே குடை விரிக்கிறது. டெர்மிட்டோமைசிஸ் எனப்படும் இக்காளானை, கறையானின் துணையின்றிக் கொட்டகையில் வணிக அளவில் விளைவிக்க இன்றுவரை மனிதனால் முடியவில்லை. புற்றும் காளானும் பிரிக்கமுடியாதவை. ஆகவே புற்றை அறிந்தவர் காளானை அறிந்தவர் ஆகிறார்.

உண்ணத்தகாதவற்றுக்கு நம் மக்கள் வைத்த பெயரையும் பார்க்கவேண்டும். நாய்க்குடை என்கிறோம். மனிதனுக்கு ஆகாததை நாய்க்கு ஒதுக்கிப் பெயரிடுவது தமிழ் வழக்கு. நாய்த்துளசி, நாய்க்கடுகு போல. சிறுபாணாற்றுப்படையின் அடுக்களையில் நாயும் காளானும் அருகருகே இருப்பதைப் படிக்கும்போது நமக்கு இந்தப் பெயர் நினைவுக்கு வராமல் இல்லை. அதிலிருந்து சொற்பிறப்புச் சொல்வது அத்துமீறல். இணைவு மட்டும் மனத்தில் நிற்கிறது. கசந்து உண்ணமுடியாத காய்களுக்கோ வேறு முன்னொட்டு: பேய்ப்புடல், பேய்ப்பீர்க்கு, பேய்ச்சுரை. நாக்கு விலக்கியதற்குப் பேய். கண் விலக்கியதற்கு நாய். காளானுக்குக் கண் விலக்கிய பெயரே பரவலாக நிலைத்தது என்பது கவனிக்கத்தக்கது.

நாக்கு போதாதா என்று கேட்கலாம். ஐரோப்பியர் ஒரு காளானுக்கு நாக்கை வைத்தே பெயர் சூட்டினார்கள். அங்குள்ள காடுகளில் விரும்பி உண்ணப்படும் பொலீட்டஸ் எடுலிஸ் என்ற காளானின் சாயலிலேயே இன்னொன்று முளைக்கும். ஒரே ஒரு துண்டு விழுந்தாலும் சட்டி முழுவதும் வாயில் வைக்க முடியாதபடி கசந்துவிடும். பிரெஞ்சுத் தாவரவியலாளர் புலியார் 1788இல் அதற்குப் பித்தநீர்போல் கசப்பது என்ற பொருளில் இலத்தீன் பெயரிட்டார். பின்லாந்தின் பூஞ்சையியலாளர் கார்ஸ்டன் 1881இல் அதைத் டைலோபிலஸ் என்ற புதிய பேரினத்தில் சேர்த்தார். அந்தக் காளான் கசக்குமே தவிரக் கொல்வதில்லை. உண்ணமுடியாதது; நஞ்சன்று.

கொல்லும் காளானோ கசப்பதில்லை. உலகில் காளான் நஞ்சால் நேரும் சாவுகளில் பெரும்பங்குக்குக் காரணமான அமனிட்டா பல்லாய்டிஸ் சுவையாகவே இருந்தது என்று பிழைத்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். உண்டு ஆறு மணி நேரத்துக்கு மேல் ஒன்றும் தெரியாது. பின்னர் வாந்தியும் வயிற்றுப்போக்கும். இடையில் தேறிவிட்டதுபோல் ஒரு தோற்றம். அதற்குள் ஈரல் அழியத் தொடங்கியிருக்கும். அந்த நஞ்சு வேகவைத்தாலும் போவதில்லை. வெள்ளிக்காசு கறுக்கும், பூண்டு நிறம் மாறும், பூச்சி தின்றால் மனிதனும் தின்னலாம் என்பன போன்ற சோதனைகள் எவையும் உண்மையல்ல. வேம்பையும் சுண்டைக்காயையும் பாகலையும் மருந்தென்று உண்டு பழகிய நமக்குக் கசப்பு பகையன்று என்பது தெரியும். இனிப்பு நட்பன்று என்பதைக் காளான்தான் கற்பிக்கிறது.

நாக்கு உதவாத இடத்தில் இடமறிவு உதவுகிறது. ஆனால் அதற்கும் ஓர் எல்லை உண்டு. மனிதனோ மரமோ இடம் பெயர்ந்துவிட்டால் அந்த அறிவு கைவிட்டுவிடும். 2011 டிசம்பர் 31 இரவு ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் நடந்த ஒரு விருந்தில் காட்டுக்காளான் உண்ட இருவர் அடுத்த சில நாள்களில் இறந்தனர். அவர்கள் சீனாவிலிருந்து சென்றவர்கள். தம் நாட்டில் உண்டு பழகிய வைக்கோற்காளான் என்று எண்ணி அமனிட்டாவைப் பறித்திருக்கலாம் என்று கருதப்படுகிறது. இரண்டுக்கும் அடியில் பைபோன்ற உறை இருக்கும். மொட்டுப் பருவத்தில் வேறுபாடு தெரிவது கடினம். அந்த அமனிட்டாவும் ஆஸ்திரேலிய மண்ணுக்கு உரியதன்று. ஐரோப்பாவிலிருந்து கொண்டுவந்து நட்ட ஓக் மரங்களின் வேரோடு வந்தது. மரம் ஒரு கண்டத்திலிருந்து வந்தது, மனிதர் வேறொரு கண்டத்திலிருந்து வந்தனர். இருவருக்கும் அது அந்நிய மண்.

இது எங்கோ நடந்த செய்தி என்று நாம் ஒதுக்கிவிட முடியாது. நம் மேற்கு மலைகளிலும் காடு இடம் மாறியிருக்கிறது. நீலகிரியில் 1843இல் கேப்டன் காட்டன் யூகலிப்டஸ் நட்டார். பைன் முதலிய ஊசியிலை மரங்களும் நடப்பட்டன. இத்தகைய மரங்கள் வேரில் கூடிவாழும் பூஞ்சைகளின் துணையின்றிச் செழிப்பதில்லை. மரம் வந்தபோது பூஞ்சையும் வந்தது. செந்நிறக் குடையில் வெண்புள்ளிகள் தெளித்த, ஐரோப்பியச் சிறுவர் கதைப் படங்களில் காணப்படும் அமனிட்டா மஸ்காரியா என்ற நச்சுக்காளான் நீலகிரி, கொடைக்கானல் பைன் தோப்புகளில் பதிவாகியிருக்கிறது. அதற்குத் தமிழில் பெயரில்லை. புற்றையும் வரப்பையும் அறிந்த பாட்டிக்குப் பைன் தோப்பின் இலக்கணம் தெரியாது. 2022 ஏப்ரலில் அசாமில் காட்டுக்காளான் உண்டு 13 பேர் இறந்தனர். தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடும்பத்தினரும் அவர்களுள் அடக்கம். வால்பாறையை அறிந்தவர்களுக்கு அச்செய்தியைப் படித்துவிட்டு எளிதில் பக்கம் புரட்ட முடியாது.

கசப்புக் காளான் கொங்கு நாட்டில் இல்லையா என்றால், இருக்கிறது. காட்டிலிருந்து தோப்புக்கே வந்திருக்கிறது. டைலோபிலஸ் என்று பெயரிட்ட அதே கார்ஸ்டன், அதே 1881ஆம் ஆண்டில் கேனோடெர்மா என்ற இன்னொரு பேரினத்துக்கும் பெயர் வைத்தார். ஒளிரும் தோல் என்பது பொருள். மெருகு பூசியதுபோல் பளபளக்கும் இக்காளான் மரக்கட்டைபோல் கடினமானது, கடும் கசப்பு உடையது. சீனத்தில் இதன் ஓர் இனத்தை லிங்ஷி என்ற பெயரில் மருந்தாகப் போற்றுகிறார்கள். பொள்ளாச்சித் தென்னை விவசாயிக்கோ இது சாவோலை. வேரழுகி, அடிமரத்தில் செம்பழுப்புச் சாறு வடிந்து, மட்டைகள் தொங்கிய பிறகு, தரைமட்டத்தில் இந்தக் காளான் விசிறிபோல் விரியும். அது கண்ணில் படும் நேரத்தில் மரம் பெரும்பாலும் கைமீறிப் போயிருக்கும்.

தஞ்சை மாவட்டத்தில் 1952ஆம் ஆண்டுப் புயலுக்குப் பின் பெரிதாகத் தலைகாட்டியதால் இந்நோய்க்குத் தஞ்சாவூர் வாடல் நோய் என்று பெயர். நோயுற்ற மரத்தைச் சுற்றிப் பள்ளம் தோண்டித் தனிமைப்படுத்தவும், மரம் ஒன்றுக்கு ஆண்டுக்கு 5 கிலோ வேப்பம் பிண்ணாக்கு இடவும் பரிந்துரைக்கிறார்கள். கசப்புக்குக் கசப்பே மருந்து. அடுப்பில் பூத்த ஆம்பிபோல இதுவும் தாமதமாக வரும் செய்திதான். காளான் தெரியும்போது அதற்கு முந்தைய அழிவு நடந்து முடிந்திருக்கிறது.

உண்ணும் காளானின் நவீன வரலாற்றிலும் கோவைக்கு இடமுண்டு. 1868இல் சைதாப்பேட்டையில் தொடங்கிய வேளாண் பள்ளியின் மரபு, 1906இல் கோவைக்கு வந்து கல்லூரியாக வளர்ந்து, 1971இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமாயிற்று. அங்குப் பணியாற்றிய தாமஸ், ராமகிருஷ்ணன், நரசிம்மலு ஆகியோர் வைக்கோற்காளான் வளர்க்கும் முறையை 1943இல் எழுதினார்கள். வங்கப் பஞ்சத்தின் ஆண்டு அது. 1974இல் மேற்கு வங்கத்திலிருந்து அறிவியல் உலகுக்கு அறிமுகமான பால்காளானின் ஏபிகே 2 என்ற வகையை, பல்கலைக்கழகத்தின் அருப்புக்கோட்டை நிலையம் 1998இல் வெளியிட்டது. வித்து, வைக்கோல், பாலித்தீன் பை, ஈரக் கொட்டகை என்று காளான் ஒழுங்குக்குள் வந்தது. எங்கே முளைத்தது என்று கேட்கவேண்டிய தேவை உண்பவருக்கு இல்லாமற்போனது. பாதுகாப்பான மாற்றம்தான்; அதில் குறைகாண நமக்கு மனமில்லை.

மாலையானால் கோவைத் தெருக்களில் தள்ளுவண்டிகளின் முன் கூட்டம் கூடுகிறது. காளான் என்று கேட்டால் செக்கச்சிவந்த மசாலாவில் புரட்டி, வெங்காயமும் கொத்தமல்லியும் தூவித் தருவார்கள். தட்டில் பெரும்பகுதி முட்டைக்கோசும் மைதாவுமாக இருக்கும். காளான் தேடினால் அகப்படும், அகப்படாமலும் போகும். சுவைக்குக் குறைவில்லை. நம் மாணவர்களுக்குக் காளான் என்ற சொல்லின் முதற்பொருள் இதுவே. அடுப்பில் காளான் என்றால் அவர்களுக்குச் சமையல் நினைவுக்கு வருகிறது. சாத்தனாருக்கு அதுவே சமையல் இல்லாமை. மாணவியின் கேள்வி பிறந்த இடம் இதுதான் என்று இப்போது விளங்குகிறது.

பழைய அறிவை இன்று யாரும் செயல்படுத்திப் பார்க்கவேண்டும் என்று நாம் சொல்லவில்லை. காடும் வரப்பும் மாறிவிட்ட காலத்தில், அறியாதவர் காட்டுக்காளானைத் தொடாதிருப்பதே நல்லது. ஆனால் சொற்களையேனும் காப்பாற்றலாம். பெருமாள்முருகன் 2000இல் கொங்கு வட்டாரச் சொல்லகராதியை வெளியிட்டு வழிகாட்டினார். அவ்வழியில் மலைச்சிற்றூர்களிலும் பழங்குடிக் குடியிருப்புகளிலும் காளான்களின் பெயர்களை, அவை முளைக்கும் இடத்தோடும் பருவத்தோடும் சேர்த்து எழுதிவைக்கவேண்டும். உண்பவற்றின் பெயர்கள் மட்டும் போதா. உண்ணாதவற்றின் பெயர்களே முதலில் மறையும். அவற்றைக் கேட்பாரும் இல்லை, விற்பாரும் இல்லை.

அந்த மாணவிக்கு அன்று நாம் சொன்ன விடையை மாற்றிச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். அம்மா, புலவரின் மனைவிக்குப் பசி இருந்தது. கூடவே அறிவும் இருந்தது. குழந்தை அழுதபோதும் அவள் கை அடுப்பின் பக்கம் போகவில்லை. அவளுக்கு அதைச் சொல்லிக்கொடுத்த தாய் ஒருத்தி இருந்திருப்பாள். உன் வீட்டுப் பெரியவர்களிடம் அடுத்த மழைக்கு முன் கேட்டுப்பார். அவர்கள் சொல்வதை எழுதிக்கொண்டு வா. மீதிப் பாடத்தை அங்கிருந்து தொடங்குவோம்.